காணாமல் போன தாய்மாமன்

அத்தியாயம் 14

அந்த மூடியைக் கழற்றியது வேறு யாருமில்லை, சாட்சாத் கடை முதலாளி திருமூர்த்தியேதான்.

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி. கையில் பழைய பனியன் துணி. தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று மேசைக்கு அடியில் தவழ்ந்தவர், கம்ப்யூட்டரின் முதுகில் கறுப்புக் கம்பி முடிகிற இடத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு வெள்ளி நிற மூடியைப் பார்த்தார். அதிலிருந்து எந்தக் கம்பியும் போகவில்லை. எதுவும் அதில் வந்து சேரவுமில்லை. கம்பி இழுக்க வந்தவன் மறந்துவிட்டுப் போன உதிரி போலிருக்கிறது என்று, திருகிக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த நொடியே கடையிலிருந்த மூன்று கம்ப்யூட்டருக்கும் ஒன்றை ஒன்று கண் தெரியாமல் போயிற்று.

ஒரு மணி நேரம் தேடினார்கள். கம்பியைத் தடவினார்கள், மூன்றையும் அணைத்துப் போட்டார்கள், சாமி படத்துக்கு ஊதுவத்தியும் கொளுத்தினார்கள். கடைசியில் டைப் அடிக்கும் கீதா, கம்பி இழுத்தவனுக்கு போன் போட்டாள். கடைசி மெஷின் பின்னால் ஒரு மூடி இருக்க வேண்டும், அது இல்லையென்றால் கம்பியில் போகிற சேதி நுனியில் முட்டித் திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும் என்றான் அவன். கீதா அதை உரக்கச் சொன்னபோது திருமூர்த்தியின் கை தானாகவே சட்டைப் பைக்குப் போயிற்று.

காந்திபுரத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் அந்தக் கடைக்கு இந்தக் கம்பி வந்து இருபது நாள்தான் ஆகிறது. அதற்கு முன்னால் ஒவ்வொரு பத்திரிகையும் ஃப்ளாப்பியில் ஏறி, கீதாவின் கையில் ஏறி, மாடிப்படியும் ஏறியாக வேண்டும். மேலே போய்ச் சேருவதற்குள் பாதி ஃப்ளாப்பி செத்துப்போகும். அதனால்தான் கம்பி. ஊரெல்லாம் பேசுகிற இன்டர்நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது காந்திபுரத்தைத் தாண்டாது. மாடிப்படியையே முக்கி முனகித்தான் தாண்டும்.

கீதாவின் மெஷினுக்குப் பவானி என்றும், வாடிக்கையாளர் உட்கார்ந்து பிழை பார்க்கும் மெஷினுக்கு அமராவதி என்றும், மாடியில் பிரின்டரோடு இருக்கும் அழுக்கு மெஷினுக்கு நொய்யல் என்றும் பேர் வைத்தவர் திருமூர்த்தி. பேர் வைத்ததோடு சரி, மூன்று நாள் ஒன்று இன்னொன்றைச் சீந்தவில்லை. மூன்றுக்கும் ‘வொர்க்குரூப்’ என்று ஒரே கூட்டத்தின் பேரைக் கொடுத்தால்தான் பேசிக்கொள்ளுமாம். “நம்ம சனத்துல ஒரே கூட்டமா, ஒரே குலமா இருந்தா சம்பந்தமே பண்ணக் கூடாது, இந்தச் சனியன் ஒரே கூட்டமா இருந்தாத்தான் பேசவே செய்யுது,” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். நாலாவது ஆளுக்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. அவர் நிறுத்தவுமில்லை.

மூடியை மாட்டியதும் சனிக்கிழமை சரியாகிவிட்டது. திங்கட்கிழமைதான் இடி விழுந்தது.

அச்சாபீஸிலிருந்து பத்திரிகைக் கட்டு வந்தது. ஆயிரத்தில் எண்ணூறு ஞாயிற்றுக்கிழமையே நேராகச் சோமனூருக்குப் போய்விட்டது. மிச்சம் இருநூறு கடைக்கு. சோமனூரில் இருக்கும் தங்கை ராமாமணியின் ஒரே மகள் நித்யஸ்ரீக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை பெருந்துறை மனோஜ்குமார். திருமூர்த்தி ஒரு பத்திரிகையை எடுத்து முகர்ந்தார். தங்க நிறப் பிள்ளையாரை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு எல்லாச் சொந்தக்காரர்களும் செய்வதைச் செய்தார். பத்திரிகை கைக்கு வந்ததும் தன் பேரைத் தேடாத சொந்தக்காரன் கொங்கு நாட்டில் இன்னும் பிறக்கவில்லை.

தாய்மாமன் என்ற தலைப்புக்குக் கீழே அந்தியூர் சென்னியப்பன் – தெய்வாத்தாள் என்று இருந்தது. அவ்வளவுதான்.

சென்னியப்பன் பெரியப்பா மகன், ஒன்றுவிட்ட அண்ணன். அவர் பேர் இரண்டாவது வரி. முதல் வரியில் கோவை திருமூர்த்தி – கோமளா என்று இருக்க வேண்டும். ராமாமணி கைப்பட எழுதிக் கொடுத்த பட்டியலில் இருந்தது. வியாழக்கிழமை பிழை பார்த்த பிரதியிலும் இருந்தது; அவரே பார்த்தார், இரண்டு தடவை பார்த்தார், தேவையே இல்லாமல் மூன்றாவது தடவையும் பார்த்தார். இப்போது புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வரியோடு குடிபெயர்ந்து போயிருந்தார்கள்.

“ஏங் கீதா, நான் செத்துப்போயிட்டனா? செத்தாலும் தெய்வத்திருன்னு முன்னால போட்டுப் பேர வெப்பாங்களே அம்மணி.”

கீதா சிரிக்கவில்லை. கீ-போர்டின் பிளாஸ்டிக் உறையை எடுத்து, உதறி, மறுபடியும் அதே இடத்தில் போட்டாள்.

சனிக்கிழமை மூடியைக் கழற்றினோமே, அப்போது இந்தப் பத்திரிகை கம்பியில் போய்க்கொண்டிருந்ததா என்று கேட்டார். ஞாபகமில்லை என்றாள். போகிற வழியில் ஒரு வரி மட்டும் உதிர்ந்திருக்குமா என்று கேட்டார்.

“இருக்கலாமுங்கண்ணா.”

‘இருக்கலாமுங்க’ என்பது எங்கள் பக்கத்தில் பதில் ஆகாது. கதவை மரியாதையாகச் சாத்துகிற சத்தம் அது.

ஆனால் திருமூர்த்திக்கு அது போதுமாயிருந்தது. தப்பு தன்னுடையது என்று தெரிந்ததும் அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மனுஷன் தன் தப்பை நினைத்துச் சந்தோஷப்படுவானா என்று கேட்காதீர்கள். போன ஐப்பசியில் நடந்தது தெரிந்தால் கேட்க மாட்டீர்கள்.

அப்போது உடுமலைப்பேட்டையிலிருந்து நித்யாவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். எல்லாம் கூடி வந்தது. பெண் பாடுமா என்று ஒரு அம்மா ஒப்புக்குக் கேட்டார். யாரும் வாயைத் திறப்பதற்குள் திருமூர்த்தி திறந்தார். “பாடமாட்டாளுங்க. ஆனா பனிக்காலத்துல சும்மா மூச்சு உட்டாலே போதும், ஆர்மோனியப் பொட்டி வாசிச்ச மாதிரி நாலு ஊட்டுக்குக் கேக்கும்.” சபை சிரித்தது. அவருக்கும் பெருமையாக இருந்தது. சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மா, அதென்னங்க மூச்சு என்று கேட்டார். நித்யாவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இளைப்பு. குடும்பத்துக்குள் நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. நாலு நாள் கழித்து, ஜாதகம் சேரவில்லை என்று உடுமலைப்பேட்டையிலிருந்து தகவல் வந்தது.

அன்றிலிருந்து ராமாமணி அண்ணனிடம் வாங்கண்ணா, சாப்பிடுங்கண்ணா என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கப் போன திருமூர்த்தி, அதையும் ஒரு தமாஷோடு சேர்த்துத்தான் கேட்டார். வேறு எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியாது.

அவருக்கும் கோமளாவுக்கும் பிள்ளை இல்லை. நித்யா பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளை முதலில் கையில் வாங்கியவர் அவர். கல்யாணத்தன்று தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டிவிட்ட பிறகுதான் எங்கள் பக்கத்துப் பெண் மணவறைக்குப் போவாள். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஐந்து நிமிஷத்துக்குத்தான் அவர் காத்திருந்தார். ராமாமணி பத்திரிகை வேலையை வேறு கடைக்குக் கொடுக்காமல் இங்கேயே கொடுத்தபோது, பட்டியலில் அவர் பேரை முதலில் எழுதியும் தந்தபோது, மன்னித்துவிட்டாள் என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

ஆகவே மூடிதான் காரணமாக இருந்தாக வேண்டும். மூடி இல்லையென்றால் மனுஷர்கள்.

ஆனாலும் ஒரு உறுத்தல். பத்திரிகையை மறுபடி பார்த்தார். ஒரு வரி உதிர்ந்தால் அங்கே பள்ளம் விழ வேண்டும். இங்கே பள்ளமே இல்லை. சென்னியப்பன் வரி ஒய்யாரமாக மேலே ஏறி, பூ வேலைக்கும் அதற்கும் நடுவே அளந்து வைத்த மாதிரி இடம் விட்டு உட்கார்ந்திருந்தது. பவானியில் பத்திரிகையைக் கடைசியாக எப்போது திருத்தியது என்று பார்த்தார். சனிக்கிழமை, பன்னிரண்டு பத்து. மூடியைப் பத்தரைக்கே மாட்டியாகிவிட்டது. பவானியின் கடிகாரம் தப்பாக ஓடுகிறது என்று முடிவு கட்டி, சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டார். சுவர்க் கடிகாரம்தான் இரண்டு நிமிஷம் பின்னால் இருந்தது.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராமாமணியும் நித்யாவும் கடைசிப் பிரதியைப் பார்க்க வந்தார்கள். அவர்களுக்குச் சூடாகப் பப்ஸ் வாங்கி வருகிறேன் என்று இவர் பேக்கரிக்கு ஓடினார். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் கிளம்பிப் போயிருந்தார்கள். ஆறு பப்ஸும் இவருக்கும் கீதாவுக்கும் மிஞ்சின. அன்றைக்கு கீதா பாதிப் பப்ஸை வைத்துவிட்டாள் என்பது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

அதற்கு மேல் அவர் செய்ததை எந்தக் கடைக்காரனும் செய்ய மாட்டான். பத்திரிகைக்கு இன்னொரு நகல் எடுத்து, அதில் தன் பேரைத் திரும்பவும் அடிக்கச் சொன்னார். கீதா அமராவதியில் உட்கார்ந்து அதைப் பவானியில் சேமிக்க வேண்டும். சேமிக்கிற அதே நொடியில் இவர் மேசைக்கு அடியில் கிடந்து மூடியைக் கழற்றுவார். எந்த வரி உதிர்கிறது என்று பார்த்துவிடலாம்.

“அண்ணா, வேண்டாமுங்க,” என்றாள் கீதா.

“அடிம்மா.”

முதல் தடவை அமராவதி மணி அடித்து, பவானியைக் காணோம் என்று சொல்லிற்று. மூடியை மாட்டித் திறந்து பார்த்தால் பத்திரிகை முழுசாக இருந்தது. இரண்டாவது தடவை பத்திரிகை திறக்கவே மாட்டேன் என்றது. மூன்றாவது தடவை மறுபடியும் முழுசு. நான்காவது தடவைக்குள் அவருக்கு முட்டி சிராய்த்துவிட்டது. ஒன்று எல்லாம் இருந்தது. இல்லாவிட்டால் எதுவுமே இல்லை. நூற்று இருபது பேரில் ஒரே ஒருத்தனை மட்டும் பார்த்துப் பொறுக்கி எடுக்க அந்தக் கம்பிக்குத் தெரியவில்லை. திறந்தபோதெல்லாம் கோவை திருமூர்த்தி – கோமளா கல்லுப்பிள்ளையார் மாதிரி அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

இருபது நாளில் அந்த நெட்வொர்க் இவ்வளவு நாணயமாக வேலை செய்து அவர் பார்த்ததில்லை.

வீட்டுக்கு போன் போட்டுக் கோமளாவிடம் விஷயத்தைச் சொன்னார். மெஷின் என்றால் அப்படித்தான், சோறு ஆறுகிறது, வந்து சாப்பிட்டுப் போங்கள் என்றாள். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. பத்திரிகையில் தன் பேரும் இல்லை என்பதைப் பற்றிக் கோமளா ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாப்பிடப் போகவில்லை. திருத்திய பத்திரிகையை நொய்யல் பிரின்டரில் ஒரு தாள் எடுத்து, மடிக்காமல் அட்டைக்குள் வைத்துக்கொண்டு சோமனூர் பஸ் ஏறினார். வெயிலில் பஸ்ஸின் தகரம் கொதித்தது. வழி நெடுக, ஆயிரத்தையும் இரண்டே நாளில் திரும்ப அடித்துத் தருகிறேன் என்று தங்கையிடம் சொல்வதை ஒத்திகை பார்த்தார். நடுவில் ஒரு தமாஷ் சேர்த்தார். பிறகு எடுத்தார். கருமத்தம்பட்டி வருவதற்குள் மறுபடி சேர்த்துவிட்டார்.

ராமாமணி வீட்டை ஒட்டியே தறிக்கூடம். ஆறு தறி. அந்த வீட்டில் எது பேசினாலும் ஆறு தறியைத் தாண்டித்தான் பேச வேண்டும். ராமாமணி கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, நாலு மூலையிலும் விரலால் தொட்டு, காயப்போட்டாள். முந்நூறு நானூறு முடிந்திருக்கும்.

“வாங்கண்ணா. மோர் குடிக்கறீங்களா?”

மோர் குடித்தார். பிறகு ஆரம்பித்தார். கம்பி, மூடி, பவானி, அமராவதி எல்லாவற்றையும் சொன்னார். தன் முட்டாள்தனத்தை உள்ளதைவிட இரண்டு மடங்காக்கிச் சொன்னார். முட்டிச் சிராய்ப்பையும் காட்டினார். நாலு தடவை சோதித்துப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. ராமாமணி தலையை நிமிர்த்தாமல் அப்படீங்களா, அப்படீங்களா என்று கேட்டுக்கொண்டே மஞ்சள் தொட்டாள். அட்டையைப் பிரித்துத் திருத்திய தாளை நீட்டினார். அவள் மஞ்சள் கையைக் காட்டி, அப்படி வையுங்கண்ணா என்றாள். பாதி ஊருக்குக் கொடுத்தாயிற்று, போனால் போகிறது, பத்திரிகையில் என்ன இருக்கிறது என்றாள்.

இது நல்ல சகுனமாகக் கூட இருக்கலாம் என்று அவருக்கு ஒரு நப்பாசை. பத்திரிகையில்தானே இல்லை.

“அப்ப பட்டம் நான்தான கட்டறேன்?”

ராமாமணி காதருகே கையைக் கொண்டுபோனாள். “தறிச் சத்தத்துல கேக்கலீங்கண்ணா.”

இரைந்து கேட்டார். அவள் எழுந்து மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய், வெறும் கையோடு திரும்பி வந்து உட்கார்ந்தாள். சென்னியப்ப அண்ணன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார் என்றாள்.

“சென்னியப்பனா? அவன் அந்தியூர்ச் சந்தையில மாட்டுக்கு மூக்கணாங்கயிறு கட்டியே பழக்கப்பட்டவன். புள்ள நெத்தில கட்டச் சொன்னா மூக்கைத் தேடுவான்.”

ராமாமணியின் உதடு ஒரு நொடி துடித்தது. சின்ன வயதில் அவர் சொன்னதற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்த உதடுதான். பிறகு அதை இறுக்கிக்கொண்டு இன்னொரு பத்திரிகையை எடுத்தாள். மஞ்சள் மூலையில் விழாமல் நடுவில் விழுந்தது.

நித்யா எப்போது வந்து கதவோரம் நின்றாள் என்று அவர் கவனிக்கவில்லை. கையில் மடித்த துணி, தலையில் நாலைந்து பஞ்சு இழை. அவர் வாய் நிறைய, “வா அம்மணி,” என்றார். அவள் வரவில்லை. அம்மாவைப் பார்த்தாள். தரையில் இருந்த திருத்திய தாளைப் பார்த்தாள். பிறகு தறிக்கூடத்துக்குள் போனாள்.

ஆறு தறியும் நின்றன.

பட்டப்பகலில், கரன்ட் இருக்கும்போது அந்த வீட்டில் தறி நிற்க வேண்டுமானால் யாராவது செத்திருக்க வேண்டும். ராமாமணி பதறி, “என்னடி பண்றே?” என்றாள். உள்ளே தறி ஓட்டுகிறவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். நித்யா மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பி வந்து அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அந்த அமைதியில் அவள் மூச்சின் அடியில் மெல்லிசாக ஒரு விசில் கேட்டது. ஆறேழு மாதமாக அவர் அதைக் கேட்டதில்லை. கேட்கும் தூரத்தில் யாரும் அவரை உட்கார வைக்கவுமில்லை.

“கண்ணு,” என்று ஆரம்பித்தார். வாயில் தமாஷ் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. “அந்த மூடியக் கழட்டுனது நான்தான். அதுனால போனதுதான அது? ஆமான்னு மட்டும் சொல்லிப்போடு. நான் போயிடறேன்.”

“மூடி இல்லீங்க மாமா. நான்தான் எடுக்கச் சொன்னேன்.”

“நித்யா,” என்றாள் ராமாமணி.

“சொல்லிப்போடறேனுங்கம்மா. எல்லாரும் பழிய மெஷின் மேல போட்டுப் போட்டு, அவரு மெஷினக் கட்டிக்கிட்டு அழுவறாரு.” அவரைப் பார்த்தே பேசினாள். “நீங்க பேக்கரிக்குப் போன நேரத்துலதானுங்க. கீதாக்கா முடியாதுன்னாங்க. நான் பக்கத்துலயே நின்னு அழிக்க வெச்சேன். அம்மாவுக்கு இதுல இஷ்டமில்லீங்க. கோமளா அத்தைக்கு அன்னைக்கே போன் பண்ணிச் சொல்லிப்போட்டேன்.”

திருமூர்த்தி தரையில் கிடந்த தாளை எடுத்தார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் அட்டைக்குள் திரும்ப வைத்தார். அட்டையின் விளிம்பைச் சரிப்படுத்தினார்.

“ஏங் கண்ணு?” என்றார்.

நித்யா ஒரு தடவை மூச்சை இழுத்தாள். பாதியில் நின்றது. கொஞ்சம் பொறுத்து மிச்சத்தையும் இழுத்துக்கொண்டாள்.

“பெருந்துறைக்காரங்களுக்கு இந்த இளைப்பு விஷயம் இன்னும் தெரியாதுங்க. நாங்க சொல்லலீங்க. பத்திரிகையில பேரு இருந்தா பட்டம் கட்ட நீங்கதான் வரோணும். நீங்க மேடையில நின்னீங்கன்னா, எந்த நேரம் என்ன சொல்லிப்போடுவீங்களோன்னு தாலி ஏறுற வரைக்கும் நான் மூச்சப் புடிச்சுக்கிட்டு நிக்கோணும். என்னால அது முடியாதுங்க மாமா.”